எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள காரில் பின் சக்கர பிரேக் பேட் மாற்றுவது: பிஸ்டனைத் தள்ளும் முன் புரிந்துகொள்ள வேண்டியவை

"அதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை, கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது" என்பது ஒரு கட்சி. "பிரேக் என்றால் பிரேக்தான், லீவருக்குப் பதில் சுவிட்ச் வந்துவிட்டால் என்ன, சி கிளாம்ப் (திருகி இறுக்கும் 'C' வடிவப் பிடிப்பான்) போட்டு அழுத்தினால் பிஸ்டன் உள்ளே போய்விடும்" என்பது எதிர்க்கட்சி. முதல் பேச்சை நம்பினால் பணம் கூடுதலாகப் போகும். இரண்டாவதை நம்பினால் பேட்களைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரே போய்விடும்.

இரண்டு கட்சியும் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான். இந்தக் கார்களில் பின் சக்கரத்துப் பிஸ்டனை இரண்டு வழிகளில் தள்ள முடியும். ஒன்று பிரேக் ஆயில், மற்றொன்று மோட்டார் சுற்றும் ஒரு திருகு. பேட் மாற்றும்போது அந்தத் திருகை முதலில் பின்வாங்கச் செய்ய வேண்டும். இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் மெக்கானிக்குகள் பல்லாண்டாகச் செய்துவரும் அதே வேலை. நீங்கள் கையில் ஸ்பேனர் எடுக்கப் போவதில்லை என்றாலும், எடுப்பவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது.

## முதலில் சாதாரண டிஸ்க் பிரேக்

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு பேட் இருக்கும். பேட் என்பது ஓர் இரும்புப் பட்டையும் அதன்மேல் ஒட்டிய உராய்வுப் பொருளும். இரண்டு பேட்களையும் கவ்வி நிற்கும் உலோகக் கூடு காலிப்பர். அந்தக் கூட்டில், உள்பக்கம் மட்டும், உருளை வடிவில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனை வெளியே தள்ளும், பிஸ்டன் உள்பக்கப் பேடை டிஸ்க்கின் மேல் அமுக்கும்.

வெளிப்பக்கம் பிஸ்டனே இல்லையே, அந்தப் பேட் எப்படி அமுங்குகிறது? காலிப்பர் இரண்டு வழுக்குப் பின்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பக்கவாட்டில் நகரும். பிஸ்டன் டிஸ்க்கை ஒரு பக்கம் தள்ளத் தொடங்கியதும் எதிர்விசையில் காலிப்பர் முழுக்க மறுபக்கம் நகர்ந்து, வெளிப்பக்கப் பேடையும் இழுத்து டிஸ்க்கில் ஒட்டவைக்கிறது. பின்கள் துருப்பிடித்து இறுகிவிட்டால் ஒரு பேட் மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோவது இதனால்தான்.

பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் உண்டு. பெடலை விட்டதும் அந்த ரப்பர் தன் பழைய வடிவுக்குத் திரும்பும்போது பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். அவ்வளவுதான், முழுவதும் உள்ளே போகாது. பேட் தேயத் தேய பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து அந்தந்த இடத்திலேயே நிற்கும். பேட் பாதி தேய்ந்த பிறகும் பெடல் பழைய உயரத்திலேயே பிடிப்பதற்குக் காரணம் இந்த ஏற்பாடு.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். புதுப் பேடில் உராய்வுப் பொருள் சுமார் 10 மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். 3 மில்லிமீட்டர் ஆகும்போது மாற்றுகிறோம். ஒரு பேடில் 7 மில்லிமீட்டர் போயிருக்கிறது. இரண்டு பேட்களிலும் தேய்ந்த தூரத்தை ஒரே பிஸ்டன்தான் ஈடுகட்டியாக வேண்டும் என்பதால் அது 14 மில்லிமீட்டர் வெளியே வந்து நிற்கும். புதுப் பேட் உள்ளே நுழைய வேண்டுமானால் அந்த 14 மில்லிமீட்டரும் பிஸ்டன் திரும்பப் போக வேண்டும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுருக்கமாக: பேட் மாற்றுவது என்றால் வெளியே வந்து நிற்கும் பிஸ்டனை உள்ளே தள்ளி இடம் உண்டாக்குவது. முன் சக்கரத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை. பின் சக்கரத்தில்தான் கதை மாறுகிறது.

## லீவர் போய் சுவிட்ச் வந்தது

நிறுத்திய கார் உருளாமல் பிடிக்க பெரும்பாலான கார்களில் பின் சக்கரங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். பழைய கார்களில் ஹேண்ட் பிரேக் லீவரை இழுத்தால் ஒரு கேபிள் இழுபட்டு பின் பிரேக்கை இறுக்கும். 2001இல் வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் லீவர் இல்லை, பொத்தான்தான். ஆனால் அதில் பொத்தானை அழுத்தினால் ஒரு மோட்டார் பழைய மாதிரியே கேபிளை இழுத்தது. கேபிளை இழுக்கும் கை மட்டும் மாறியது.

2005இல் ஃபோக்ஸ்வேகன் பஸாத்தின் ஆறாம் தலைமுறை வந்தபோது கேபிளே இல்லை. ஒவ்வொரு பின் காலிப்பரின் முதுகிலும் ஒரு சிறு மோட்டாரைப் பொருத்திவிட்டார்கள். இன்று சாலையில் நாம் பார்க்கும் பெரும்பாலான எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்குகள் இந்த வகைதான். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவின் உயர் ரகங்களில் 2020 முதல் இது இருக்கிறது. ஜீப் காம்பஸ், மஹிந்திரா எக்ஸ்யூவி 700, இன்னோவா ஹைகிராஸ் என்று வரிசை நீள்கிறது. ஆடம்பரக் கார்களின் சமாச்சாரமாக இருந்தது இப்போது தெருமுனை ஒர்க்‌ஷாப் வரை வந்துவிட்டது. தவறான பேச்சும் அதோடு சேர்ந்தே வந்திருக்கிறது.

## உள்ளே இருப்பது ஒரு ஜாக்கி

ஸ்டெப்னி மாற்ற டிக்கியில் வைத்திருக்கும் திருகு ஜாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைச் சுற்றினால் நடுவில் இருக்கும் நீளமான மரைத்தண்டு சுழலும், ஜாக்கி மெல்ல மெல்ல உயரும். சுற்றுவதை நிறுத்திவிட்டால்? ஒரு பக்கத்துச் சக்கரத்தின் பாரம் முழுக்க அதன்மேல் இருக்கிறது, ஆனாலும் தண்டு தானாகப் பின்னால் சுற்றிக்கொண்டு இறங்குவதில்லை. மரையின் சாய்வு அவ்வளவு குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. சுற்றினால் நகரும், அமுக்கினால் நகராது. இந்தக் குணத்துக்குத் தற்பூட்டு என்று பெயர்.

பின் காலிப்பருக்குள் நடப்பதும் இதேதான். மோட்டார் வேகமாகச் சுற்றும், ஆனால் அதற்கு வலு குறைவு. அதன் சுழற்சியைப் பல்சக்கரங்கள் பல மடங்கு மெதுவாக்கி, அதே அளவுக்கு வலுவைக் கூட்டுகின்றன. அந்த மெதுவான சுழற்சி காலிப்பரின் பின்பக்கத்திலிருந்து உள்ளே நீண்டிருக்கும் மரைத்தண்டைத் திருப்பும். தண்டின் மேல் ஒரு நட் இருக்கிறது. அந்த நட் தானாகச் சுழல முடியாதபடி பிஸ்டனின் உள்குழிக்குள் பொருத்தப்பட்டிருப்பதால், தண்டு சுற்றும்போது அது முன்னும் பின்னும் மட்டுமே நகரும். முன்னே வந்தால் பிஸ்டனின் அடிப்பகுதியில் முட்டி, பிஸ்டனைப் பேடோடு சேர்த்து டிஸ்க்கில் அமுக்கும்.

எவ்வளவு அமுக்க வேண்டும் என்று மோட்டாருக்கு எப்படித் தெரியும்? இந்த ஏற்பாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பேட் டிஸ்க்கைத் தொடும் வரை மோட்டார் லேசாகச் சுற்றும், சிறிதளவு மின்சாரமே இழுக்கும். தொட்டு இறுகத் தொடங்கியதும் பாரம் ஏறும், இழுக்கும் மின்சாரமும் ஏறும். மோட்டாரை இயக்கும் கம்ப்யூட்டரான கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த ஏற்றத்தைக் கவனித்துக்கொண்டே இருந்து, தேவையான அளவை எட்டியதும் மோட்டாரை நிறுத்திவிடுகிறது. அதற்குப் பின் மின்சாரம் தேவையே இல்லை. தற்பூட்டு மரை பிடித்துக்கொள்ளும். "பேட்டரி இறங்கினால் ஹேண்ட் பிரேக் விட்டுவிடும், கார் உருண்டு ஓடிவிடும்" என்று பயப்படுபவர்கள் இதை மறுபடி ஒருமுறை படிக்கலாம். பேட்டரி இறங்கினால் உண்மையில் வரும் தொல்லை தலைகீழானது: பிடித்திருக்கும் பிரேக்கை விடுவிக்க முடியாது.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஓடும் காரில் யாராவது சுவிட்சை இழுத்துவிட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு கார் சுழன்றுவிடும் என்கிறார்கள். பஸாத்தில் மணிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது சுவிட்சை இழுத்துப் பிடித்தால் மோட்டார் பிடிப்பதில்லை. காரின் நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு நான்கு சக்கரங்களிலும் ஆயில் பிரேக்கைப் பிடிக்கும், கையை எடுத்ததும் விட்டுவிடும். மற்ற கார்களிலும் ஏறக்குறைய இதே வழக்கம்தான், வேக அளவு மட்டும் காருக்குக் கார் மாறும்.

சுருக்கமாக: பிஸ்டனுக்குப் பின்னால் ஒரு திருகு இருக்கிறது. மோட்டார் சுற்றினால் அது நகரும், நீங்கள் எவ்வளவு அமுக்கினாலும் நகராது.

## சுவிட்சை அழுத்தி பிரேக்கை விட்டுவிட்டால் போதாதா?

பலரும் சறுக்குவது இங்கேதான். பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டோம், விளக்கும் அணைந்துவிட்டது, இனி பிஸ்டன் உள்ளே போகும் என்று நினைக்கிறார்கள். போகாது.

சுவிட்சால் விடுவிக்கும்போது அந்த நட் பேட் டிஸ்க்கை விடும் அளவுக்கு மட்டும், மிகச் சிறிய தூரமே பின்வாங்கும். அடுத்த முறை பிரேக் போடும்போது நீண்ட தூரம் ஓடிவர வேண்டாம் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பேட் தேயத் தேய நட் ஓய்வெடுக்கும் இடமும் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். நமக்கு வேண்டியது 14 மில்லிமீட்டர், நட் விட்டுக்கொடுத்திருப்பதோ அதில் ஒரு சிறு துளி. மீதித் தூரத்தில் அது வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது.

அதை முழுக்கப் பின்னுக்குக் கொண்டுபோய், பிஸ்டன் கடைசி வரை உள்ளே போக வழிவிடும் நிலைக்குத்தான் சர்வீஸ் மோட் என்று பெயர். இதில் எந்த மந்திரமும் இல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு "பேட் மாற்றப் போகிறோம், இரண்டு மோட்டாரையும் கடைசி வரை பின்னால் சுற்று, நான் சொல்லும் வரை மறுபடி பிடிக்காதே" என்று கட்டளையிடுகிறோம். அந்த இரண்டாம் பாதியும் முதல் பாதி அளவுக்கு முக்கியம். இன்ஜினை அணைத்தாலோ கதவைத் திறந்தாலோ தானாகவே பார்க்கிங் பிரேக் போட்டுக்கொள்ளும் கார்கள் உண்டு. காலிப்பருக்குள் உங்கள் விரல் இருக்கும்போது மோட்டார் சுற்றத் தொடங்கினால் விரலுக்கும் பேடுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

கட்டளையிடும் வழி காருக்குக் கார் வேறு. பெரும்பாலானவற்றில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனர் செருகி, பார்க்கிங் பிரேக் பகுதிக்குள் போய்ச் சொல்ல வேண்டும். ஃபோர்டு, மாஸ்டா போன்ற நிறுவனங்களின் சில மாடல்களில் ஸ்கேனரே தேவையில்லை. ஆக்சிலரேட்டர் பெடல், பார்க்கிங் பிரேக் சுவிட்ச், சாவி மூன்றையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் இயக்கினால் போதும். டெஸ்லாவில் திரையிலேயே செய்யலாம். வேறொரு காருக்குச் சொன்ன வரிசையை உங்கள் காரில் முயன்று பார்க்காதீர்கள். உங்கள் மாடலின் ஒர்க்‌ஷாப் கையேட்டில் சொன்னதை மட்டும் செய்யுங்கள்.

ஸ்கேனர் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. பிழைக் குறியீடுகளைப் படிக்க மட்டுமே தெரிந்த மலிவான ஸ்கேனர்கள் இதற்கு உதவாது. உங்கள் கார் மாடலுக்கு பார்க்கிங் பிரேக் சர்வீஸ் வசதி இருக்கிறது என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

## குறுக்கு வழிகளும் அவை உடைப்பவையும்

சி கிளாம்ப் போட்டு முழு பலத்தோடு இறுக்குவது முதல் குறுக்கு வழி. காரைத் தாங்கி நிற்கும் ஜாக்கியை இறக்க, கைப்பிடியைச் சுற்றாமல் பானட்டின் மேல் ஏறி நின்று குதிப்பதற்கு இது சமம். ஜாக்கி இறங்காது. அந்த விசை எல்லாம் மரையின் மேலும், தண்டைத் தாங்கும் பேரிங்கின் மேலும், பல்சக்கரங்களின் மேலும் போய் உட்காரும். உடனே உடைந்தால்கூட நல்லது, தெரிந்துவிடும். விரிசல் விட்டு நிற்பதுதான் ஆபத்து. பேட் மாற்றிச் சில வாரங்கள் கழித்து ஒரு நாள் பார்க்கிங் பிரேக் வேலை செய்யாமல் போகும், யாருக்கும் காரணம் புரியாது.

இரண்டாவது வழி, மோட்டாரின் வயரைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்துச் சுற்றுவது. மோட்டார் சுற்றும், நட் பின்வாங்கும், வேலை நடப்பது போலவே இருக்கும். ஆனால் மின்சார ஏற்றத்தைக் கவனித்து நிறுத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டி இப்போது இடையில் இல்லை. நட் கடைசி முனையில் முட்டிய பிறகும் ஒரு நொடி கூடுதலாகக் கொடுத்துவிட்டால் அது அங்கேயே இறுகிக்கொள்ளும், இல்லையென்றால் பல்சக்கரத்தின் பல் போகும். இது எவ்வளவு எளிதாகத் தோன்றினாலும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வழியில் ஓரளவு நியாயம் உண்டு. மோட்டாரைக் காலிப்பரோடு பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றி, மோட்டாரை வெளியே எடுத்து, உள்ளே தெரியும் தண்டின் முனையைக் கையால் திருப்பி நட்டைப் பின்வாங்கச் செய்வது. மோட்டாரே பழுதாகிப் பிரேக் பிடித்தபடி நின்றுவிட்ட காரை மீட்க இதுதான் வழி. பேட் மாற்ற இதைச் செய்தால், மோட்டார் அமரும் இடத்தில் உள்ள ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் கிழியாமல் திரும்பப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். நட் எங்கே இருக்கிறது என்பதும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரியாமல் போகும், கடைசியில் ஸ்கேனர் தேடி ஓட வேண்டிவரலாம். அவசரத்துக்குச் சரி, வழக்கமாக்க வேண்டாம்.

## உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

பின் சக்கரத்தைக் கழற்றினால் காலிப்பரின் பின்பக்கம் கறுப்பு பிளாஸ்டிக் மூடியோடு ஒரு மோட்டாரும் அதற்குப் போகும் வயரும் தெரிந்தால், இதுவரை சொன்ன அத்தனையும் உங்களுக்குப் பொருந்தும்.

மோட்டார் இல்லாமல் கேபிள் தெரிந்தால் அது கேபிள் இழுக்கும் வகை. அதிலும் சில கார்களில் கேபிள் போய்ச் சேருவது காலிப்பருக்கு அல்ல, டிஸ்க்கின் நடுக் குழிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறிய டிரம் பிரேக்குக்கு. அப்படிப்பட்ட காரில் பின் பேட்களுக்கும் பார்க்கிங் பிரேக்குக்கும் தொடர்பே இல்லை, முன் சக்கரம் போலவே மாற்றலாம். ஃபோக்ஸ்வேகன் ஐடி.3 போன்ற சில கார்களில் பின்னால் டிஸ்க்கே கிடையாது, டிரம்தான். ஆனால் பார்க்கிங் பிரேக் மட்டும் எலக்ட்ரானிக். அங்கே மாற்ற வேண்டியது பேட் அல்ல, டிரம்முக்குள் உராயும் ஷூ.

பழைய கேபிள் வகைக் காலிப்பர்களில் கைபழகிய மெக்கானிக்குகளுக்கு ஒரு குறிப்பு. அவற்றில் பல பிஸ்டன்களைத் திருகித் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது. மோட்டார் வகையில் சர்வீஸ் மோட் போட்ட பிறகு பெரும்பாலும் நேராகத் தள்ளினாலே போதும். பழக்கதோஷத்தில் திருகினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை முறுக்கிக் கிழியும்.

## வேலை நடக்கும் வரிசை

சமதளத்தில் காரை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பார்க்கிங் பிரேக்கை நாமே திறந்துவிடப் போகிறோம் என்பதை மறக்கக் கூடாது. ஆட்டோமேட்டிக் காரில் 'பி' போட்டிருக்கிறோமே என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்: 'பி' நிலை இன்ஜின் இழுக்கும் சக்கரங்களை மட்டுமே பூட்டும். முன் சக்கரம் இழுக்கும் காரில் அது உதவும். பின் சக்கரம் இழுக்கும் காரில், பூட்டிய அந்தச் சக்கரங்களைத்தான் ஜாக்கியில் தூக்கி வைத்திருப்போம், அப்போது காரைப் பிடிப்பது கட்டைகள் மட்டுமே. ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு ஆக்சில் ஸ்டாண்ட்.

பேட்டரி பழசாக இருந்தால் சார்ஜரை இணைத்துக்கொள்வது நல்லது. மோட்டார் பாதித் தூரம் போகும்போது மின்னழுத்தம் இறங்கினால் சர்வீஸ் மோட் அந்தரத்தில் நின்றுவிடும். வீல் நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, காரைத் தூக்குங்கள்.

இப்போது சர்வீஸ் மோட். கட்டளை கொடுத்ததும் பின் சக்கரங்கள் இரண்டிலும் சில நொடிகள் மோட்டார் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்கும், டேஷ்போர்டில் விளக்கு மினுக்கும் அல்லது செய்தி வரும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சைத் தொடக்கூடிய யாரும் காருக்குள் இருக்க வேண்டாம்.

காலிப்பரின் போல்ட்டுகளைக் கழற்றி அதை எடுத்ததும், கம்பியால் எங்காவது கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் ஹோஸிலோ மோட்டார் வயரிலோ அதன் பாரம் விழக் கூடாது. உள்ளே படிந்திருக்கும் கறுப்புத் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள், மூச்சில் போகும். பிரேக் கிளீனர் அடித்து ஈரமாக்கித் துடையுங்கள். டிஸ்க்கில் 'எம்ஐஎன்' என்ற குறியோடு பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்தையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட் போடுவது வீண்.

பிஸ்டனைத் தள்ளும் நேரம். பிரேக் ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்து, மட்டத்தைக் கவனித்துக்கொண்டே மெதுவாக அழுத்துங்கள். பேட் தேய்ந்த காலத்தில் மட்டம் இறங்கியிருக்கும், பிஸ்டன் திரும்பும்போது அந்த ஆயில் மேலே ஏறும். இடையில் யாராவது தொட்டியை நிரப்பிவிட்டிருந்தால் வழிந்துவிடும், பட்ட இடத்தில் பெயின்ட் உரியும். கூடுதலாக இருப்பதைச் சிரிஞ்சால் முன்கூட்டியே எடுத்துவிடலாம்.

இந்த இடத்தில்தான் உங்கள் கை உங்களுக்கு உண்மையைச் சொல்லும். சர்வீஸ் மோட் சரியாகப் போயிருந்தால் பிஸ்டன் மிதமான அழுத்தத்துக்கே வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். சுவரில் முட்டியது போல் நின்றால் இன்னும் பலம் போடாதீர்கள். நட் இன்னும் உள்ளே நிற்கிறது, இல்லையென்றால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது. இரண்டுக்குமே பலம் மருந்தல்ல.

வழுக்குப் பின்கள் கையால் தள்ளினாலே நகர வேண்டும். பிரேக்குக்கு என்று விற்கும் கிரீஸை மட்டும் அவற்றில் மெல்லிய படலமாகப் பூசுங்கள். சாதாரண வண்டி கிரீஸ் பெட்ரோலிய எண்ணெயில் செய்தது, பிரேக்கின் ரப்பர் பாகங்களை ஊதவைத்துவிடும். பேடின் உராயும் முகத்திலோ டிஸ்க்கிலோ எந்தப் பிசுக்கும் படக் கூடாது. ஒரு பக்கம் நன்றாக இருக்கிறதே என்று ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றும் வழக்கம் வேண்டாம், இடம் வலம் இரண்டுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். காலிப்பர் போல்ட்டுகளை உங்கள் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஃபோக்ஸ்வேகன் போன்றவர்கள் பழைய போல்ட்டை மறுபடி போடாமல் புதியதைப் போடச் சொல்கிறார்கள்.

## மூடும்போது வரிசை தவற வேண்டாம்

பேட் பொருத்தியாயிற்று. இப்போது பிஸ்டன் முழுக்க உள்ளே இருக்கிறது, பேடுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி உண்டு. முதல் முறை பெடலை மிதித்தால் அது அடிவரை போகும். இந்த நிலையில் காரை நகர்த்தினால் பிரேக் இல்லாத கார் அது. ஆகவே காரை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும் வரை மெதுவாகப் பலமுறை மிதியுங்கள். பிஸ்டன் வெளியே வந்து பேடைத் தொட்டுவிடும். ஆயில் மட்டத்தைச் சரிபார்த்து, தொட்டி மூடியில் எழுதியிருக்கும் தர ஆயிலையே தேவைப்பட்டால் ஊற்றுங்கள்.

அதன்பின் சர்வீஸ் மோடை முடிக்கும் கட்டளை. மோட்டார் நட்டை முன்னே கொண்டுவந்து, பேட் இறுகும் இடத்தை மின்சார ஏற்றத்தால் கண்டுபிடித்து, அந்த இடத்தைப் புதிதாகக் குறித்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் வேலை என்று பெரிதாகப் பேசப்படுவது இதுதான். பிறகு பார்க்கிங் பிரேக்கைச் சில தடவை போட்டு விட்டுப் பாருங்கள். போட்டிருக்கும்போது பின் டிஸ்க் கையால் சுற்றக் கூடாது, விட்டால் ஓரளவு எளிதாகச் சுற்ற வேண்டும். சக்கரங்களை மாட்டி, காரை இறக்கி, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகக் கொஞ்சம் ஓட்டம் தேவை. ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து, முழுக்க நிற்காமல், ஒரு பத்துத் தடவை மென்மையாக வேகத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். முதல் சில நாட்கள் திடீர் பிரேக்கை முடிந்தவரை தவிருங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டுச் செய்வதானால் சாவியைக் கொடுக்கும் முன் ஒரே கேள்வி போதும்: "அண்ணே, இது எலக்ட்ரானிக் பிரேக், சர்வீஸ் மோட் போடுற ஸ்கேனர் இந்த மாடலுக்கு வச்சிருக்கீங்களா?" இருக்கிறது என்பவர் எங்கே இருந்தாலும் அவரிடம் தாராளமாகக் கொடுக்கலாம். "அதெல்லாம் தேவையில்ல தம்பி, அமுக்கிடலாம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

வேலை முடிந்த பிறகும் பார்க்கிங் பிரேக் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் சர்வீஸ் மோட் முறையாக முடிக்கப்படவில்லை, அல்லது மோட்டார் வயரின் கனெக்டர் சரியாக உட்காரவில்லை. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின் ஒரு பின் சக்கரத்திலிருந்து மட்டும் அதிக அனலோ கருகல் வாடையோ வந்தால், அந்தப் பக்கப் பேட் டிஸ்க்கை விடாமல் உரசுகிறது. வழுக்குப் பின்னையும், நட் பின்வாங்குகிறதா என்பதையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள். அது சரியாகும் வரை காரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.